துணைக்கு ஒரு கல்

கறுப்புக் கல் போட்டால் சிறுத்தையைச் சுட வேண்டும், வெள்ளை என்றால் விட வேண்டும். தையல்கார அக்கா எதைப் போடுவாள் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓடைக்குப் போன அவளுடைய ஒரே மகளைச் சிறுத்தை அடித்துவிட்டது. அவள் இன்னும் அழுது தீரவில்லை.

கூண்டு வைத்தும் சிக்காததால் ஊர்மன்றம் கூடியிருந்தது. காட்டைப் பற்றிய முடிவை ஊரே எடுக்கலாம் என்ற உரிமையை வருஷக்கணக்கில் அலைந்து வாங்கியவர்கள் அவர்கள். வீட்டுக்கு ஒரு கல், வாய்க்குத் துணி கட்டிய பானைக்குள். யார் எதைப் போட்டார் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

பானைக்குப் பொறுப்பு வனக்காவல் குழுத் தலைவர். அந்தச் சிறுத்தையை அது குட்டியாக இருந்ததிலிருந்து பொத்திப் பொத்திக் காத்தவர் என்பதால், ஊர் அவருக்கு 'சிறுத்தை மாமன்' என்று பெயர் வைத்திருந்தது. இப்போது அது குட்டி போட்டிருப்பதும் அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

வரிசையில் வந்த அக்கா அவர் முன்னால் நின்றாள்.

"தம்பி, அதோட குட்டிங்க கண்ணு திறந்திருச்சா?"

மாமன் யோசித்தார். குட்டிகளையும் விட்டுவைக்கக் கூடாது என்கிறாளா? அப்படியே நினைத்தாலும் தப்பில்லை, பெற்ற வயிறு.

"இன்னும் இல்லக்கா."

துணிக்குள் கையை விட்டுக் கல்லைப் போட்டவள், யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசிக் கல் மாமனுடையது. காட்டுக்காக அத்தனை வருஷம் அலைந்த ஊர் எப்படியும் வெள்ளைதான் போட்டிருக்கும், சிறுத்தை பிழைத்துவிடும். ஆனால் ஒரே ஒரு கறுப்பு தனியாகக் கிடந்தால் அக்கா மனசு என்ன பாடுபடும்? துணைக்கு ஒன்று இருக்கட்டும் என்று அவரும் கறுப்பையே போட்டார்.

பானையைக் கவிழ்த்தார்கள். எல்லாம் கறுப்பு. நடுவில் ஒன்றே ஒன்று வெள்ளை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மாமன் உறவை விட்டுக்கொடுக்கல, பாத்தீங்களா."

"புள்ளையப் பறிகொடுத்தவ முகத்துக்காகவாவது கறுப்பு போட்டிருக்கலாம்" என்றாள் பால்காரம்மா. "மத்தவங்கல்லாம் வெள்ளை போடுவாங்கன்னு நெனச்சுத்தான் நானே..." முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமன் கற்களைப் பொறுக்கிப் பானைக்குள் போட்டார். யாரும் சொல்லக் கூடாது என்ற விதியை வைத்ததே அவர்தான்.

மறுநாள் சாயங்காலம் மலைப்பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மாமன் அக்கா வீட்டுக்குப் போனார். தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை அப்படியே கிடந்தது.

"முடிஞ்சிருச்சுக்கா. ஊரே உங்க பக்கம் நின்னுச்சு. யாரோ ஒருத்தர் மட்டும் வெள்ளை போட்டுட்டாங்க. அவங்கள மன்னிச்சிருங்க."

"குட்டிங்க?"

"தேடிட்டு இருக்காங்க."

அக்கா சீருடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ளை நான் போட்டது, தம்பி."