கன்னத்து மச்சம்

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. அவர் கடை வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். புதுக் கண்ணாடி மாட்டிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்ற மனைவியிடம், "உன் கன்னத்து மச்சத்தைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்று தேம்ப, கடைக்காரரும் விக்கி விக்கி அழுத காட்சி. படம் பிடித்தவன் அவர் தம்பி.

"என்னண்ணே பேசப் போறீங்க?" என்றான் அவன்.

"உண்மையா இருந்தா வியாபாரம் தானா வரும்னுதான்டா. அந்தப் பெரியவரையும் மேடையேத்தி நன்றி சொல்ல ஆசை. ஆனா அவர் குடுத்த விலாசத்துல அப்படி யாருமே இல்லையாம்."

தம்பி செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

முதலில் பேசிய காது மிஷின் கடைக்காரர் தன் வீடியோவைத் திரையில் ஓட்டினார். மிஷினை மாட்டிய ஒருவர் மனைவியிடம், "உன் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!" என்று தேம்பினார்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அதே பெரியவர். மனைவிதான் வேறு.

மைக்கில் அவரை அழைத்தார்கள். அவர் எழாமல் தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா நீங்க அழுதிருக்க மாட்டீங்கண்ணே" என்றான் தம்பி, நிமிராமல். "வீடியோ ஓடினதே உங்களாலதான். அதுல நடிக்காதவர் நீங்க ஒருத்தர்தானே!"