தரையைத் தொடாத கோடு

தண்ணீர்ப் பங்கீட்டு அதிகாரி தணிகைவேலன், தண்ணீரை எப்படிக் குறைப்பது என்று திரையில் இரண்டு கோடுகளைக் காட்டியபோது, எங்கள் குடியிருப்பே வளைந்த கோட்டுக்குத்தான் கைதூக்கியது. நேர்கோட்டில் வீட்டுக்கு மாதம் இருநூறு குடம் என்பது ஒவ்வொரு மாதமும் இருபது குடம் குறைந்து, பத்தாவது மாதம் தரையில் முட்டி நின்றது. வளைந்த கோட்டில் மாதந்தோறும் பாதியானது. தரையை ஒட்டியே போனாலும் தொடவில்லை.

"ஒருநாளும் பூஜ்யம் ஆகாதும்மா," என்றார். கைதட்டினோம், முட்டாள்கள்.

ஐந்தாவது மாதம் எங்களுக்கு வந்தது ஆறு குடம். நேர்கோடாக இருந்தால் நூறு வந்திருக்கும். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வழியில்லாமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு.

அந்த மாதம்தான் கருத்துக் கேட்கிறேன் என்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன சந்தனமேரி, தண்ணி வந்துட்டுத்தானே இருக்கு? சொன்ன சொல் மாறலியே?"

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. சில்வர் டம்ளரில் ஒரே ஒரு சொட்டு விட்டு, தட்டில் வைத்து நீட்டினேன்.

அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"தண்ணி சார். பூஜ்யம் இல்லையே. குடிங்க."

அவர் எழுந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"பாதியக் குடிச்சிட்டு, மீதிய என் பிள்ளைக்கு வச்சிட்டுப் போங்க."