மூன்றாவது பியூஸ் கட்டை

முத்தியால்பேட்டைச் சந்தில் மூன்று மணி வெயில். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நிற்கும் லைன்மேன் கலைச்செல்வன், கம்பத்தில் வேலை முடியும்வரை யாரும் மின்சாரம் கொடுத்துவிடாதபடி தன் பையிலேயே வைத்திருந்த மூன்று பியூஸ் கட்டைகளையும் எடுக்கிறார். புழுக்கத்தில் வாசலுக்கு வந்த சனங்களின் பேச்சு சந்தெல்லாம் நிறைந்திருக்கிறது. முதல் கட்டையைச் செருகுகிறார். இடப்பக்க வீடுகளில் டிவி அலற, பேச்சைப் பாதியில் விட்டு உள்ளே போகிறார்கள். இரண்டாவதில் எதிர்வரிசை காலியாகிறது. கோடி வீட்டில் தனியாக இருக்கும் சின்னப்பொண்ணுவும் பக்கத்து வீட்டுச் சங்கவியும்தான் மிச்சம். “கரண்ட் வந்ததும் மாவு ஆட்டணும்க்கா,” என்று எழப்பார்க்கிறாள் சங்கவி. “தம்பி, அத கொஞ்ச நேரம் கழிச்சி போடேன்,” என்கிறாள் சின்னப்பொண்ணு. “ஏம்மா, உனக்குப் புழுங்கலியா?” என்கிறார் மூன்றாவது கட்டையோடு நிற்கும் கலைச்செல்வன். சின்னப்பொண்ணு கையிலிருக்கும் அட்டையால் சங்கவிக்கு வேகவேகமாக விசிறுகிறாள்.