பரிவு: கட்டாயப் பாடம்

மதியம் மூன்று பத்து. வேதியியல் பட்டத்துக்குக் கட்டாயமான பொதுப்பாடம் 'பரிவு'. அதை முடிக்க மகிழ்நன் இன்னும் இருபது நிமிடம் தெய்வானை என்ற நோயாளியின் கையைப் பிடித்திருக்க வேண்டும். இடையில் விட்டால், அவன் மணிக்கட்டில் நேரத்தைக் கணக்கிடும் பட்டை இதுவரை சேர்ந்த நாற்பது மணி நேரத்தையும் அழித்துவிடும். உறவினரின் கை கணக்கில் சேராது.

வார்டு வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. இதய அறுவைக்குப் போகும் அவன் அம்மா அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இருபது நிமிஷம்மா," என்றான் உட்கார்ந்தபடியே.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. தெய்வானை கையை உருவப் பார்த்தாள். அவன் இறுக்கிப் பிடித்தான். பட்டையில் பச்சை எழுத்து ஒளிர்ந்தது: 'பரிவு மிக நன்று.'

தெய்வானை கேட்டாள்: "பெத்தவ கைய நீட்டுறா, எந்திரிக்காம உக்காந்திருக்க. அப்படி என்னத்தடா படிக்கிற நீ?"