முன்சீட்டில் கேட்ட பாட்டு

டிரைவரின் கண்கள் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அமரர் ஊர்தியின் முன்கதவைத் திறந்தவள் ஏறாமலே நின்றாள்.

"ஏறுங்க அண்ணி. படி உயரம், பாத்து" என்று கையை நீட்டினான்.

"யாருய்யா உனக்கு அண்ணி? கைய எடு."

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கணவரின் உடலோடு அவள் தம்பி பின்பக்கம் ஏறிவிட்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வேறு வண்டி இல்லை. இதுதான் யாரும் கூப்பிடாமலே காலையிலிருந்து வந்து நின்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

பினாயில் நெடி, அதற்கு மேல் எலுமிச்சை செண்ட், இரண்டுக்கும் அடியில் வேறு ஏதோ ஒரு வாடை. சீட் உறை பிசுபிசுவென்று புடவையில் ஒட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைப்பை எதிலும் பட்டுவிடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். கணவரின் கடிகாரம், கண்ணாடி, செல்போன் என்று நர்ஸ் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அதற்குள் இருந்தன.

வண்டி நகர்ந்தது. டேஷ்போர்டில் சொருகியிருந்த சின்ன புளூடூத் கருவி ஒன்றில் நீல விளக்கு மினுக்கியது. 'கனெக்டெட்' என்று ஒரு பெண் குரல் சொன்னது. அடுத்த நொடி, பாதியிலிருந்து ஒரு டூயட் கிளம்பியது. காதலியைக் கொஞ்சிக் குழைகிற பழைய பாட்டு.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பின்னாடி ஒரு மனுஷன் உசுரில்லாம கெடக்குறாரு. உனக்கு டூயட் கேக்குதா?"

"நான் போடல அண்ணி, தானா வந்துருச்சு." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "ஒரு நாலு வரி மட்டும் ஓடட்டுமே..."

"ச்சீ! நிறுத்துய்யா முதல்ல!"

கருவியைத் தட்டினான். பாட்டு நின்றது. அந்த விரலின் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்ததைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தத் தொழில்காரர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. நாலைந்து வருஷத்துக்கு முன் மாடிக்குக் குடிவரக் கேட்டு வந்த ஒருவன், பிண வண்டி ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும், வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி விரட்ட வைத்தாள். அவன் பிடித்துக்கொண்டு நின்ற கேட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கணவர்தான் ஒன்றும் பேசாமல் தண்ணீர் ஊற்றினார்.

"என் வீட்டுக்காரரும் டிரைவர்தான்" என்றாள், அடக்கமாட்டாமல். "கம்பெனி மேனேஜர் கார் ஓட்டுறவரு. வேல முடிஞ்சா அங்கயே குளிச்சு, துவைச்ச சட்ட போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. கிட்ட போனா சோப்பு வாசனதான் அடிக்கும். நீயும் இருக்கியே!"

டிரைவர் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

"அந்த மேனேஜர் எட்டிக்கூடப் பாக்கல" என்றபோது அவள் குரல் உடைந்தது. "வேல நேரத்துலதான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாரு. யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிட்டு வந்து சேத்திருக்கான். அவன் யாருன்னுகூடத் தெரியல."

"இன்னும் பத்து நிமிஷம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று டிரைவர் தனக்குள் முனகினான்.

அப்போது போன் மணி ஸ்பீக்கரில் அலறியது. டிரைவர் அசையவில்லை. மணி நிற்பதாகவும் இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை, அதன் வாயை அடைக்கக் கருவியின் பொத்தானைத் தானே ஓங்கி அழுத்தினாள். மணி நின்றது. பதிலுக்கு ஓர் ஆண் குரல் வண்டிக்குள் கணீரென்று கேட்டது.

"அண்ணே, பெரியாஸ்பத்திரி பின்வாசல்ல ஒரு பாடி இருக்கு. சின்னப் பொண்ணுண்ணே. வீட்ல எல்லாரும் கதறிக்கிட்டு நிக்குறாங்க. நீங்க வந்தா பாத்துப் பதமா தூக்குவீங்க. வண்டி எங்க நிக்குது?"

அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "இவரு இன்னும் வீடு போய்ச் சேரல. அதுக்குள்ள அடுத்த பொணத்துக்கு ஆள் புடிக்கிறீங்களா? த்தூ! அந்தப் போனக் குடு இங்க, வெளிய வீசுறேன்."

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினான். காலியாக இருந்த சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான்.

"எங்கிட்ட போனே இல்ல அண்ணி. நேத்து அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனதுல எங்கயோ விழுந்துருச்சு."

"அண்ணே, கேக்குதா? அண்ணே?" என்றது ஸ்பீக்கர்.

அவள் குனிந்து மடியைப் பார்த்தாள். கைப்பையின் வாய் வழியே வெளிச்சம் தெரிந்தது. கணவரின் செல்போன். அதில் பேச்சு நேரம் விநாடி விநாடியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இவரு போனு... இந்த வண்டில எப்படி...?" முந்தானை மூக்கிலிருந்து நழுவியது அவளுக்குத் தெரியவில்லை.

டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவர் பின்னால் படுத்திருந்தார்.

"பதினோரு வருஷமா இந்த வண்டிய ஓட்டுனது அண்ணன்தான்."