இருக்கா டீச்சர்!

"தையல்காரர் பொண்ணு?"

டீச்சர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் பெஞ்சு காலி என்பதை உள்ளே நுழையும்போதே பார்த்தாயிற்று. வாசலில் தலைமையாசிரியர் வேறு வந்து நின்றுவிட்டார். எதற்கெடுத்தாலும் 'முறைப்படி' என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் முறைப்படிதான்.

சாமி வீட்டுப் பிள்ளைகளும் மனுஷ வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிற பள்ளிக்கூடம் அது. ஆனால் லீவு கணக்கு மட்டும் மனுஷப் பிள்ளைகளுக்கு. இடிச்சாமி மகன் மழைக்காலம் முழுக்கத் தலையே காட்டமாட்டான். ஏன் என்று கேட்க நாதியில்லை. தையல்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கூட இருந்து பார்த்துக்கொள்ள மகளை விட்டால் ஆளில்லை. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு நாள் லீவு விழுந்தால் சீட்டு போச்சு. அந்த நாள் இன்றைக்கு விழுந்து தொலைத்தது.

"இருக்கா டீச்சர்!"

கடைசி பெஞ்சிலிருந்து மெய்யன். சத்தியச்சாமியின் மகன்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவன் வாயில் பொய் வந்ததே கிடையாது. "பாடம் புரிஞ்சுதா?" என்று கேட்டால், "உங்களுக்கே புரியலையே டீச்சர்" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிற ஜென்மம்.

"எங்கேடா இருக்கா?"

"இருக்கா டீச்சர்."

டீச்சருக்குத் தலை சுற்றியது. எதிரே காலி பெஞ்சு. மெய்யன் சொன்னால் பொய்யாக இருக்காது. அப்படியென்றால் கோளாறு தன் கண்ணில்தானா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தாள். பெஞ்சு அப்போதும் காலி.

"பெஞ்சுக்கு அடியில பாருங்கப்பா."

குனிந்தார்கள். பாதி கடித்த பிஸ்கட் ஒன்று கிடைத்தது.

"அலமாரியத் திறங்க."

திறந்தார்கள். உள்ளேயிருந்து உலக உருண்டை விழுந்து, உருண்டு போய் முறைப்படியின் காலில் மோதியது.

"டேய், நீ ஏதாவது மாயம் பண்ணி அவளை மறைச்சு வச்சிருக்கியா?" என்று இடிச்சாமி மகனைப் பிடித்தாள் டீச்சர்.

"ஐயோ, சத்தியமா இல்ல டீச்சர்!" ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"மெதுவாப் பேசித் தொலைடா!"

முறைப்படி உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்த்தார். மெய்யனைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"தம்பி, முறைப்படி கேக்கறேன். அந்தப் பொண்ணு இன்னைக்கு வந்திருக்காளா?"

"வந்திருக்கா சார்." மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே சொன்னான். முகமெல்லாம் வேர்வை.

"பெரியவங்க கேக்கறாங்க, எந்திரிச்சு நின்னு பதில் சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று அதட்டினாள் டீச்சர்.

அவன் அசையவில்லை. எல்லாம் சாமி வீட்டுப் பிள்ளை என்கிற கொழுப்பு, வேறென்ன? டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடுங்க டீச்சர்," என்றார் முறைப்படி. "சத்தியச்சாமி மகனே சொன்னப்புறம் நம்ம கண்ணு என்ன பெரிய கண்ணு? முறைப்படி வந்ததாப் போட்டுடுங்க." நடையைக் கட்டினார்.

டீச்சர் போட்டாள். சீட்டு தப்பித்ததே என்று ஒரு பக்கம் நிம்மதி. ஒரு மண்ணும் புரியவில்லையே என்று மறுபக்கம் குடைச்சல்.

மணி அடித்தது. எல்லோரும் விளையாட ஓடினார்கள். மெய்யன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் அவன் பக்கத்தில் போய் நின்றாள். "இப்பவாவது சொல்லுடா. அவ எங்க?"

"ஆஸ்பத்திரியில, டீச்சர். அவங்க அப்பா பக்கத்துல."

"அப்போ நீ சொன்னது..."

சாமி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் படாது, ஒரு சாண் உயரத்தில்தான் நடப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அந்த வரம் போய்விடும். போனது திரும்பாது. அப்புறம் ஆயுசுக்கும் மனுஷன்தான்.

டீச்சர் மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

இவனுக்கா கொழுப்பு என்று நினைத்தோம்? "அடப்பாவி, ஏண்டா இப்படிப் பண்ணினே?"

மெய்யன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தட்டுத் தடுமாறி ஓர் அடி எடுத்து வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"தரை ரொம்பக் குத்துது டீச்சர்," என்றான். "நீங்கள்லாம் செருப்பு எந்தக் கடையில வாங்குவீங்க?"