நடுவில் நின்ற முள்

மெக்கானிக் காசிநாதன் ஸ்பானரைப் போட்டுவிட்டு மட்கார்டின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான்.

காலையிலிருந்து நட்டில் மூன்று தடவை மண்ணெண்ணெய் விட்டாகிவிட்டது. தோள்பட்டை தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது.

பட்டுக்கடை ஆதிகேசவனின் பழைய சீமைக் கார். என்ஜினின் சூட்டை அறியும் பல்பு என்கிற பித்தளைக் குமிழ், நட்டோடு துருவேறி இறுகிக் கிடந்தது. அதிலிருந்து ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கும் ஹீட் மீட்டருக்கு நூல் போல ஒரு செப்புக் குழாய் போகிறது. நட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் குழாய் அறுந்துவிடும்.

அறுந்தாலும் கேட்பாரில்லை. மெட்ராஸிலிருந்து புது மீட்டர், பல்போடு வந்து பெஞ்சின் மேல் இருந்தது.

ஆனால் எதிரில் சிட்டிபாபு நின்றுகொண்டிருந்தான்.

"பாத்துண்ணா. குழாய் அறுந்துடப் போவுது. அறுந்துட்டா பழைய மீட்டரை சோதிச்சிப் பாக்க முடியாது."

மூன்று மாதத்துக்கு முன்புவரை இந்தக் காரை ஓட்டியவன் அவன்தான். முதலாளியின் சம்பந்தி வீட்டாரை வேலூரிலிருந்து அழைத்து வந்தபோது, தாமல் ஏரிக்கரையில் வண்டி கொதித்து ஆவி கக்கி நின்றது. வந்தவர்கள் சித்திரை வெயிலில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மீட்டர் முள் நடுவில்தான் இருந்தது என்று சிட்டிபாபு சொன்னதை யாரும் நம்பவில்லை. தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறான் என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஊரில் வேறு எவரும் அவனிடம் வண்டியை ஒப்படைக்கவில்லை. இப்போது பிள்ளையார்பாளையத்தில் சாயம் முக்குகிறான். கைகள் முழங்கை வரை அரக்குச் சிவப்பு.

அதற்கப்புறம் கார் ஷெட்டிலேயே கிடந்தது. இந்த வாரம் சேர்ந்த புது டிரைவர் முதல் நாள் காலையில் ஏறி உட்கார்ந்ததுமே, ஆறிக் கிடக்கிற என்ஜினுக்கு முள் எப்படி நடுவில் நிற்கிறது என்று கேட்டான். சேதி கேட்டு சிட்டிபாபு ஈரக் கையோடு ஓடி வந்துவிட்டான்.

காசிநாதன் மறுபடி ஸ்பானரை மாட்டினான். சுத்தியலால் லேசாகத் தட்டினான். அரைக்கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. ஒரு கையால் குழாயைக் குழந்தையின் விரலைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டான்.

க்ரீச்சென்று நட்டு விட்டுக்கொடுத்தது. பழுப்புத் தண்ணீரோடு பல்பு வெளியே வந்தது.

சிட்டிபாபு எதிர் டீக்கடைக்கு ஓடி, பாய்லரிலிருந்து ஒரு சொம்பு கொதிநீர் பிடித்து வந்தான். விரல் சுட்டும் அவன் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

காசிநாதன் பல்பை அதில் இறக்கினான். இருவரும் எட்டி மீட்டரைப் பார்த்தார்கள்.

முள் நடுவில் நின்றது. நீர் ஆறும்வரை அங்கேயே நின்றது.

சிட்டிபாபு துள்ளிக் குதிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ நான் தூங்கலை, இல்லண்ணா? எல்லாரும் சொல்லிச் சொல்லி, தூங்கித்தான் போயிருப்பேன்னு நானே நெனச்சிக்கினு இருந்தேன்."

காசிநாதன் பல்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். மீட்டரையும் பல்பையும் சேர்த்துக் கழற்றித் துணியில் சுற்றினான். கையைத் துடைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டான்.

"வாப்பா, முதலாளிகிட்ட போலாம்."

கடைக்குள் பாயில் உட்கார்ந்திருந்த ஆதிகேசவனின் முன்னால் துணியை வைத்துவிட்டுக் காசிநாதன் நின்றான். ரொம்ப நாளாகத் தூங்காதவன் போல இருந்தது முகம்.

"வண்டி கொதிச்ச அன்னிக்கி மீட்டரைக் கழட்டிப் பாக்கச் சொன்னீங்களே முதலாளி. நான் கழட்டவே இல்ல. ரெண்டு தடவ திருப்பினேன், வரல, கை ஓஞ்சிப்போச்சி. மீட்டர் நல்லாத்தான் இருக்குது, அவன்தான் தூங்கியிருப்பான்னு சொல்லிட்டேன்."

ஆதிகேசவன் சிட்டிபாபுவைப் பார்த்தார்.

சிட்டிபாபு காசிநாதனைப் பார்த்தான்.